தபீதாள், ஓய்வுபெற்ற நர்ஸ், சேலையூர்

எழுத்துப்பிழையை எந்த இடத்தில் விடுவது என்று ஜெரூஷா யோசித்துக்கொண்டிருந்தாள். முதல் வரியிலேயே விட்டால் படிக்கிறவருக்கு எரிச்சல் வரும். கடைசி வரியில் விட்டால் அதுவரை யார் வரப்போகிறார்கள். நடுவில், முக்கியமான வாக்கியத்துக்கு முந்தின வாக்கியத்தில் சின்னதாக ஒன்று இருந்தால்தான், எழுதினவரும் நம்மைப் போல ஒரு ஆள், ஏதோ அவசரத்தில் தட்டியிருக்கிறார் என்று தோன்றும். இதெல்லாம் ராஜாராமன் சார் சொல்லிக்கொடுத்தது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மெத்தைக் கடைக்கு மேலே இருந்தது அவருடைய ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், அவற்றின் முன்னால் ஆறு பெண்கள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு மணிவரை அந்த ஆறு பேரும் தாங்கள் வாங்காத பொருட்களை வாங்கியதாகவும், உபயோகித்ததாகவும், கணவருக்கும் மாமியாருக்கும் ரொம்பப் பிடித்துப்போனதாகவும் இங்கிலீஷில் எழுதினார்கள். ஆறில் நாலு பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இன்டர்நெட்டில் சாமான் வாங்குகிற பழக்கம் அப்போதுதான் மெல்ல ஆரம்பித்திருந்தது, 2008ஆம் வருஷம். கண்ணால் பார்க்காமல் ஒரு மிக்சியை வாங்கப் பயந்த ஜனங்கள், ஏற்கெனவே வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்தின் அடியில் போய்ப் படித்தார்கள். அந்த அடியில்தான் ஜெரூஷாவுக்குப் பிழைப்பு நடந்தது.

ராஜாராமனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மழையில் நனைந்து வந்தால் முதலில் துண்டைக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் வேலையைப் பற்றிப் பேசுவார். முன்பு மருந்து கம்பெனியில் ரெப்பாக இருந்து டாக்டர்களின் வாசலில் காத்துக் காத்துக் கால் ஓய்ந்தவர். நாம் செய்வது பொய்யில்லை, ஸ்டார்ட் ஆகாத வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறோம், பொருள் நல்லதாக இருந்தால் அப்புறம் நிஜமாக வாங்கினவர்களே வந்து எழுதிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அதை அவர் நம்பவும் செய்தார். எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கக் கூடாது, நாலுதான் கொடுக்கணும். ஒரு குறை கட்டாயம் சொல்லணும், ஆனால் அந்தக் குறையால் யாரும் வாங்காமல் இருந்துவிடக் கூடாது. கூரியர் மூன்று நாள் லேட், அட்டைப்பெட்டி நசுங்கியிருந்தது, படத்தில் பார்த்த நீலம் இல்லை. குறை சொல்கிறவர் பொய் சொல்லமாட்டார் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள் என்பார்.

பெயர்தான் பெரிய தலைவலி. ரமேஷ், சுரேஷ், பிரியா என்று போட்டால் பார்த்தவுடன் பல்லிளித்தது. பக்கத்து சீட் கைனாத் தன் அக்கா நிக்காஹுக்குப் பத்திரிகை கொடுத்தவர்களின் பட்டியலைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். ஜெரூஷா தன் சபையின் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். வருஷா வருஷம் ஜனவரியில் அவள் சபையில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். யாருக்கு என்றைக்குப் பிறந்த நாள், யாருக்கு என்றைக்குத் திருமண நாள் என்று தேதிவாரியாக, தெருப் பெயரோடு இருக்கும். காலை ஜெபத்தில் அன்றைய பக்கத்தைத் திறந்து அந்தப் பெயர்களுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஜெரூஷா மார்ச் மாதத்தில் பிறந்தவரின் பெயரையும் ஆகஸ்டில் பிறந்தவரின் தெருவையும் சேர்த்து ஒரு ஆளை உண்டாக்குவாள். ஒருவரின் பெயரோடு அவருடைய சொந்தத் தெருவைச் சேர்ப்பதில்லை என்று தனக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். திருடப் போகிற இடத்திலும் செருப்பை வெளியே விடுகிற ஜாதி.

ஜனவரிக் கடைசியில் அந்த மீட்டர் வந்தது. மீட்டர் வரவில்லை, அதன் படமும் ஒரு துண்டுக் காகிதமும் வந்தன. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் சர்க்கரை அளவு காட்டுகிற கருவி. பெட்டியில் பச்சை இலை படம். பாரிமுனையில் யாரோ இறக்குமதி செய்து பாதி விலைக்கு விற்கிறார்களாம். மருத்துவம் தெரிந்த ஒருவர் எழுதின மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜெரூஷா மூன்று தடவை டாக்டராக எழுதிப்பார்த்தாள். மூன்றும் மருந்துச் சீட்டை ஒப்பிப்பதைப் போலிருந்தன. நாலாவது தடவை, ஒரு வார்த்தையும் வராமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தபீதாள் சிஸ்டரின் குரல் காதில் கேட்டது.

தபீதாள் முப்பத்தோரு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சேலையூரில் கேம்ப் ரோடுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் இருந்தார். சனிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் இலவசமாக பிரஷர் பார்ப்பார், ஊசி போடுவார், புண் கட்டுவார். ஜெரூஷாவின் அம்மா படுக்கையில் விழுந்து முதுகெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஐந்து மாதமும், ஒரு நாள் தவறாமல், மாலை நாலு மணிக்கு வந்து புண்ணைக் கழுவிக் கட்டினவர் அவர்தான். கட்டும்போது பேசிக்கொண்டே இருப்பார், வலி பேச்சில் போய்விடும் என்று. சுகர்காரர்கள் கண்ணாடியில் முகம் பார்ப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கணும், பவுடர் போட்ட முகம் எங்கேயும் ஓடிவிடாது, கால்தான் சொல்லாமல் போய்விடும் என்பார். அந்தப் பேச்சை அப்படியே இங்கிலீஷில் இறக்கினாள் ஜெரூஷா. எழுத எழுத அந்த அறையின் டெட்டால் வாசனையும், அம்மா தலையைத் திருப்பி சிஸ்டரைப் பார்த்துச் சிரித்ததும் வந்தன. இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மா போன இரண்டு வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை, அதுதான் உண்மை. நாலு நட்சத்திரம் கொடுத்தாள். மீட்டரோடு வருகிற பையின் ஜிப் மட்டும் சரியில்லை என்று ஒரு குறை வைத்தாள். கீழே பெயர் போடும் இடத்தில் வேறு எந்தப் பெயரைப் போட்டாலும் எழுதினதெல்லாம் செத்துப்போனது. கட்டுப்பாட்டை அந்த ஒரு தடவை விட்டாள். தபீதாள் எஸ்., ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், சேலையூர், சென்னை.

ராஜாராமன் அதை நின்றுகொண்டே படித்தார். பிறகு எல்லோரையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார். கைனாத், "இன்னாடி, எனக்கே போய் ஒண்ணு வாங்கணும் போல கீது" என்றாள். அதற்கப்புறம் நோயாளிகளுக்கானது, குழந்தைகளுக்கானது எது வந்தாலும் ஜெரூஷாவின் மேஜைக்குத்தான் வந்தது. எல்லாம் தபீதாள் பெயரிலேயே போனது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நாவலூரில் சாஃப்ட்வேர் வேலையிலிருக்கும் மெர்வின், ஜெரூஷாவுக்கு இரண்டடி தள்ளி நின்ற தபீதாளிடம் வந்தான். அவன் அப்பா ஐசக் சார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர், ஜெரூஷாவுக்கு எட்டாம் வகுப்பு எடுத்தவர், பதினைந்து வருஷமாக சர்க்கரை நோயாளி. "சிஸ்டர், நீங்க சொல்லியிருந்த மீட்டரையே அப்பாக்கு வாங்கிட்டேன்" என்றான் மெர்வின். வீட்டில் ஒரு மீட்டர் வாங்கி வையுங்கள் என்று தபீதாள் பார்க்கிற சர்க்கரைக்காரர்களிடமெல்லாம் வருஷக்கணக்காகச் சொல்லி வருபவர். ஐசக் சாரிடமே நாலைந்து தடவை சொல்லியிருப்பார். ஆகவே அவர் முகம் மலர்ந்துபோய், "ரொம்ப நல்லது தம்பி. விடாம பாக்கச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னது ஒன்று, அவன் கேட்டுக்கொண்டது வேறொன்று. நடுவில் டீ டம்ளரோடு நின்ற ஜெரூஷாவுக்கு மட்டும் இரண்டும் தெரியும். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் ஒரு அசட்டுச் சிரிப்போடு போயிருக்கும். அவள் திறக்கவில்லை. பயம்தான் என்று பிற்பாடு தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் பயத்துக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. தான் எழுதினதை நம்பி, படித்த ஒருவன் பொருள் வாங்கியிருக்கிறான். டீயைக் குடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஐசக் சாருக்கு அந்த மீட்டர் ரொம்பப் பிடித்துப்போயிற்று. லேபுக்குப் போய் வரிசையில் உட்கார வேண்டாம். தினமும் காலையில் விரலைக் குத்திப் பார்ப்பார், நூற்று முப்பது, நூற்று முப்பத்திரண்டு, நூற்று இருபத்தெட்டு. கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டு, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். தபீதாளும் பார்த்து, இந்த வயசில் இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறீர்களே என்று பாராட்டினார். மே மாதத்தில் ஐசக் சார் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாகத் தானே குறைத்துக்கொண்டார். மாம்பழமும் சாப்பிட்டார். புதுச் செருப்பு வலது கட்டை விரலுக்குக் கீழே கடித்திருந்தது. உணர்ச்சி செத்த கால், வலிக்கவில்லை. புண்ணைப் பார்த்தபோதும், சர்க்கரை இவ்வளவு நன்றாக இருக்கும்போது தானாக ஆறிவிடும் என்று விட்டுவிட்டார். ஜூன் இரண்டாவது வாரம் குளிர் ஜுரத்தோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினபோது அங்கே பார்த்த சர்க்கரை நானூற்றுப் பத்து. மெர்வின் மீட்டரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினான். அது அப்போதும் நூற்று முப்பத்தொன்று என்றது. மூன்றாம் நாள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மெர்வின் நல்ல பையன்தான். ஆனால் அப்பாவின் கால் போன கோபத்தை எங்கேயாவது இறக்கியாக வேண்டும். இறக்குமதிக்காரனின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. சாமான் விற்ற இணையதளம், நாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்று மெயில் அனுப்பியது. ஆக மிச்சம் இருந்தது தபீதாள் சிஸ்டர். அந்த விமரிசனத்தை ஆபீசில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனான். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டதாகச் சொன்னது இதுதான்: "எவ்ளோ குடுத்தாங்க சிஸ்டர்? நான் இன்டர்நெட்ல ஒருத்தனையும் நம்பமாட்டேன். உங்க பேர் இருந்துச்சு, அதான் வாங்கினேன்."

தபீதாளுக்கு அவன் என்ன சொல்கிறான் என்றே முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, எனக்குக் கம்ப்யூட்டரைத் தொடக்கூடத் தெரியாதே தம்பி என்றார். நீங்கள் தொட வேண்டாம், நீங்கள் பேச யாராவது அடித்துக் கொடுத்திருப்பார்கள் என்றான் மெர்வின். முப்பத்தோரு வருஷ சர்வீஸ் என்று கரெக்டாக இருக்கிறது, காலைப் பார்க்கணும் என்ற உங்கள் வசனம் இருக்கிறது, வேறு எவனுக்கு இதெல்லாம் தெரியும் என்று கேட்டான். நீங்கள் சொன்ன மீட்டரை வாங்கிவிட்டேன் என்று வேப்பமரத்தடியில் சொன்னபோது ரொம்ப நல்லது என்று சொன்னீர்களே என்றும் கேட்டான்.

விஷயம் சபையை நடத்துகிற பாஸ்டரேட் கமிட்டிக்குப் போயிற்று. ஆயர் மென்மையானவர். விசாரணை என்ற வார்த்தையே வராமல், வெயில் காலம் முடிகிறவரை சிஸ்டர் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும் என்றார். சனிக்கிழமை ஹால் பூட்டியே கிடந்தது. அதுவரை அவரிடம் சும்மா ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஏன் சும்மா போட்டார் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். ஏதோ மருந்துக் கம்பெனி கவனித்துக்கொள்கிறது போல என்று ஒருவர் சொன்னது, அடுத்த வாரத்துக்குள் தெரிந்த விஷயமாகிவிட்டது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஜுரம் பார்த்தவரை யாரும் கூப்பிடவில்லை. ஜெரூஷா ராஜாராமனிடம் போய் அழுதாள். அவரும் கண் கலங்கினார், பாவம் என்றார், இப்போது அதை எடுத்தால்தான் சந்தேகம் வரும் என்றார். அவள் நினைத்தால் தானே எடுத்துவிடலாம், பாஸ்வேர்ட் அவளிடம்தான் இருந்தது. ஆனால் எடுத்துவிட்டால் அது சிஸ்டர் எழுதினதில்லை என்று சொல்ல உலகத்தில் வேறு சாட்சி இல்லை. எடுக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. காலையில் தலை வாரிக்கொண்டு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

ஜூலையில் ஒரு ஞாயிறு மத்தியானம் தபீதாள் அவள் வீட்டுக்கே வந்தார். கையில் நாலாக மடித்த அந்தக் காகிதம். நாற்காலியில் உட்காரும்போது, அம்மாவின் கட்டில் இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்தார். "நீ கம்ப்யூட்டர்ல தான வேல பாக்குற. இத யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா பாரு கண்ணு" என்றார். மெர்வின் கோபத்தில் வேகமாகப் படித்ததில் பாதி பிடிபடவில்லையாம், தனக்குத் தெரிந்தது வார்டு இங்கிலீஷ்தான் என்று நிதானமாகத் தமிழில் சொல்லச் சொன்னார்.

தான் இங்கிலீஷுக்குக் கொண்டுபோனதை ஜெரூஷா மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்தாள். அது ஒரு சிரமமும் இல்லாமல் வந்தது, வந்த வழியே திரும்பிப் போவதுதானே. கண்ணாடியில் முகம், பவுடர், சொல்லாமல் போகிற கால். முதல் பாராவிலேயே தபீதாளின் உதடுகள் கூடவே அசைய ஆரம்பித்தன. முடித்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இது நான் பேசறதுதான்" என்றார். "அப்படியே நான் பேசறதுதான். யார்கிட்டயோ சொல்லியிருக்கேன். யார்கிட்டன்னுதான் ஞாபகம் வரல."

இல்லை சிஸ்டர், நீங்கள் சொல்லவில்லை என்றாள் ஜெரூஷா. அவர் தலையை ஆட்டினார். "எங்கம்மாக்கும் அறுபதுக்கு மேல இப்படித்தான் ஆரம்பிச்சுது. அடுப்புல பால வெச்சத மறந்துட்டாங்கன்னுதான் நாங்க மொதல்ல நெனச்சோம்." போன வாரம் வீட்டுச் சாவியைத் தேடினாராம், கையிலேயே இருந்ததாம். இன்னும் என்னென்ன மறந்திருக்கிறேனோ, யார் யாருக்கு எந்த மருந்தை மாற்றிச் சொன்னேனோ என்று அவர் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு டோஸ் தப்பாகக் கொடுக்காதவர். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று ஜெரூஷாவின் மனசு அடித்துக்கொண்டது. வாய் மட்டும், யார் எழுதினார்கள் என்றெல்லாம் கண்டுபிடிக்க முடியாது சிஸ்டர் என்றது. வேண்டாம், தெரிந்துவிட்டது என்றார் தபீதாள். சனிக்கிழமை ஐசக் சார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கப் போவதாகவும், தனியாகப் போனால் மெர்வின் சத்தம் போடுவான், நீ கூட வருகிறாயா என்றும் கேட்டார்.

அந்த ஆறு நாளும் ஜெரூஷா சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கு நடந்தார்கள். தபீதாள் ஒரு பையில் பஞ்சும் கட்டுத்துணியும் மருந்தும் எடுத்துவந்திருந்தார், மன்னிப்புக் கேட்கப் போகிற இடத்திலும் புண்ணைப் பார்க்காமல் இருக்க முடியாது போல. மெர்வின் கதவைத் திறந்தான். விலகி வழிவிட்டான்.

ஐசக் சார் ஹாலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. வாங்க சிஸ்டர் என்றார், பழைய குரல் மாறாமல். தபீதாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஞாபகம் இல்லை சார், ஆனால் நான் சொன்னதாகத்தான் இருக்கணும், கர்த்தருக்குப் பயந்து சொல்கிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றார். ஐசக் சார் பதறிப்போய், எழுந்திருங்கள் எழுந்திருங்கள் என்று கையை நீட்டினார். "தப்பு என்னுது சிஸ்டர். கணக்கு வாத்தியார் நான். மனுஷ ஒடம்புல இப்படி ஒரு நேர்கோடு வருமா? வந்தவொடனே சந்தேகப்பட்டிருக்கணும்."

இந்த அறையில் எல்லோரும் அவரவர் பங்குக்குப் பழியை எடுத்துக்கொள்கிறார்களே என்று ஜெரூஷாவுக்குத் தோன்றியது. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "சார், சிஸ்டர் எழுதல. நான்தான் எழுதினேன். அதுதான் என் வேலை. அவங்க பேச்சும் பேரும் நான் எடுத்துக்கிட்டது."

மெர்வின் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் கோபம் இல்லை, ஒருவிதமான பரிதாபம் இருந்தது. "உங்கம்மாவ அவங்க பாத்துக்கிட்டாங்க, எல்லாருக்கும் தெரியும் ஜெரூஷா. அதுக்காக நீ பழிய தூக்கிக்காத" என்றான். ஐசக் சார், நன்றி மறக்காத பெண் என்றார். எட்டாம் வகுப்பிலேயே நீ அப்படித்தான் என்றார். தபீதாள் தரையில் உட்கார்ந்தபடியே அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். "எனக்காகப் பொய் சொல்லாத கண்ணு. வேணாம்" என்றார்.

நாலைந்து மாதம் நெஞ்சில் கல்லாக வைத்திருந்ததை எடுத்துப் போட்டால், அது கீழே விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. ஜெரூஷாவுக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும். பொய்யை எழுதின நாளில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த மீட்டர் பையை எடுத்துவரச் சொன்னாள். அதில் ஜிப் இருக்கிறதா பாருங்கள், ஜிப் சரியில்லை என்று எழுதியிருக்கிறதே, நான் பார்க்காமலே எழுதினேன் என்றாள். மெர்வின் பையைக் கொண்டுவந்தான். தன் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மீட்டரைப் பார்த்தாள் ஜெரூஷா. உள்ளங்கையில் இதமாக உட்காரும் என்று எழுதியிருந்தாள், ஓரமெல்லாம் கூராக இருந்தது. பையில் ஜிப் இல்லை, அமுக்குப் பொத்தான்தான். மெர்வின் அதைப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினான். வந்த அன்றைக்கே கவனித்தானாம். சிஸ்டர் குறை சொன்னதைப் பார்த்து கம்பெனிக்காரன் பையை மாற்றிவிட்டான் என்று நினைத்துக்கொண்டானாம். அதனால் இன்னும் நம்பிக்கை வந்ததாம்.

"லேப்டாப்ப எடு" என்றாள் ஜெரூஷா.

அவன் ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் வைத்து, டேட்டா கார்டைச் சொருகினான். அவள் அந்த இணையதளத்தைத் திறந்தாள். திறக்கிற நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது, மீட்டர் மட்டுமா அங்கே இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஜூலைவரை தபீதாள் பெயரில் எழுதினதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. நிறுத்திக்கொள்ளலாம். மூடிவிட்டு, ஆமாம் பொய்தான் சொன்னேன் என்றால் எல்லோரும் தலையைத் தடவிக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள். தபீதாள் மறதிக்காரியாக வீட்டுக்குத் திரும்பிப் போவார். ஜெரூஷாவின் விரல்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் கீபோர்டைப் பார்க்காமலே அடித்தன. வாரத்துக்கு ஏழெட்டுத் தடவை அடித்துப் பழகின விரல்கள். மெர்வின் திரையைப் பார்க்கவில்லை, அந்த விரல்களைத்தான் பார்த்தான். சுவரிலிருந்து விலகி நிமிர்ந்து நின்றான்.

பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மீண்டும் நல்வரவு, தபீதாள் என்றது முதல் வரி. அதன் கீழே, நீங்கள் எழுதிய விமரிசனங்கள், நாற்பத்து மூன்று. பிரஷர் பார்க்கிற கருவி. மூச்சுத் திணறலுக்கு வைக்கிற மெஷின். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கட்டுகிற இடுப்புப் பட்டை. குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டர். ஒவ்வொன்றின் கீழும் இது பயனுள்ளதாக இருந்தது என்று சொன்னவர்களின் எண்ணிக்கை, பதினெட்டு பேர், ஐம்பத்திரண்டு பேர், நூற்றாறு பேர். ஐசக் சார் திரையைப் பார்த்துவிட்டு, ஜெரூஷாவைப் பார்த்துவிட்டு, வேட்டியை இழுத்துத் தன் கால் இல்லாத பக்கத்தை மூடிக்கொண்டார்.

தபீதாள் தரையிலிருந்து எழுந்து, பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ரொம்பக் கிட்டே வந்தார். தனக்கு மறதி இல்லை என்று தெரிந்துகொண்டவரின் நிம்மதியை அந்த முகத்தில் ஜெரூஷா தேடினாள். இல்லை. அவர் தன் பெயரை விரலால் தொட்டு, அடுத்த வரியில் இருந்த பெயரையும் தொட்டு, ஒவ்வொன்றாகக் கீழே போனார். வார்டில் படுக்கை படுக்கையாகப் போய்ச் சார்ட் பார்க்கிற வேகம். பிரஷர் கருவியில் நின்றார், யார் வாங்கினார்கள் என்று கேட்டார். தெரியாது என்றாள் ஜெரூஷா. மூச்சு மெஷினில் நின்றார், இதை யார் வாங்கினார்கள் என்றார். தெரியாது சிஸ்டர்.

"இது என்ன படம் வருது" என்றார் தபீதாள், அடியில் பாதி இறங்கியிருந்த ஒரு சதுரத்தைக் காட்டி. பால் பவுடர் என்றாள் ஜெரூஷா. பிறந்த குழந்தைக்கு.

இணைப்பு அங்கே திணறி நின்றது. டப்பாவின் மேல் விளிம்பு வந்திருந்தது. அதன் கீழே ஒரு குழந்தையின் நெற்றி, சுருள் முடி, இரண்டு கண்கள். மூக்குக்குக் கீழே இன்னும் வெறும் சாம்பல் நிறம். தபீதாள் விரலை அந்தச் சாம்பலின் மேல் வைத்தபடி, வாய் வருகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றார்.